இன்னும் ஒரு தடவை தேய்க்கலாம்

காரில் கை வைக்காதீர்கள் என்று மதிவதனி சொல்லி முடிப்பதற்குள் நான் வைத்துவிட்டேன். அவர் குழாயை என் பக்கம் திருப்பினார். காரும் நனைந்தது, நானும் நனைந்தேன். "அறுப்பு மிஷின் ஓடுற ரோட்டுல வந்த வண்டி சார் இது. மேல இருக்கறத தூசின்னு நெனச்சீங்களா? நெல்லுச் சுணை. அரம் மாதிரி அறுக்கும். காஞ்ச துணியால ஒரு இழுப்பு இழுத்தா போதும், பெயிண்ட் பாழு." ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. வெயில் ஏறுவதற்குள் கழுவித் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போர் தண்ணீரின் உப்பு வட்ட வட்டமாகக் காரில் உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டு வாளி வைத்திருக்கிறார். ஒன்றில் ஷாம்பு நுரை, மற்றதில் வெறும் தண்ணீர். ஒரு கதவைத் துடைத்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிய பிறகுதான் அடுத்த கதவு. கூரையில் ஆரம்பித்துக் கீழே வருவார். சக்கரத்தைத் தொட்ட துணி மேலே ஏறவே ஏறாது. தரையில் விழுந்த துணியை அவருடைய அப்பா எடுத்து உதறிக் காரின் மேல் போட்டார். அவருக்கு அன்றைய அர்ச்சனை அதோடு தொடங்கியது. "ஆபரேஷன் பண்றப்ப கத்தி கீழ விழுந்தா தொடைச்சிட்டு மறுபடி அறுப்பாங்களாப்பா?"

மதிவதனி கால்நடை மருத்துவர். ஒரத்தநாட்டில் படித்தவர். ஏழு ஊர் மாடுகள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. ஏழில் ஒன்று அவர் பிறந்து வளர்ந்து இன்றும் குடியிருக்கும் ஊர். வீடு காலனித் தெருவில். அப்பா இளையபெருமாள் ஒரு காலத்தில் பெரியதெருக்காரர்களின் வயலில் கூலிக்கு நின்றவர். இப்போது இரண்டு ஏக்கர் வரும் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தானே சம்பா நடுகிறார். அந்தத் தெருவுக்குள் வந்த முதல் கார், மகள் வாங்கிய இந்தக் கார்தான்.

கருநீலம். வெள்ளை வாங்கு, கீறினால் தெரியாது என்று கண்டவரெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். பெரியதெருவில் ஒருவர், "நீலமாத்தான் வாங்கணும்னு கட்சி ஆபீஸ்ல உத்தரவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். "அந்த வாரம் ஷோரூம்ல நின்னது நீலமும் பழுப்பும்தான் சார். பழுப்பு சாணி கலரு. நாள் முழுக்க அதைத்தானே பாக்கறேன், ஞாயித்துக்கிழமையும் பாக்கணுமா?" என்றார் என்னிடம். அந்தப் பெரியவருக்கு இந்தப் பதிலைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொல்லவில்லையாம். அவர் வீட்டுக் கிடேரிக்கு அன்று ஊசி போட வேண்டியிருந்ததாம்.

காருக்காக அவர் ஊரோடு போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க வந்தவர்களைக் கண்ணாடியோடு நிறுத்தினார். கல்யாணத்துக்குக் கார் கேட்டவர்களுக்குக் கொடுத்தார், ஆனால் மாப்பிள்ளை பெயரை டேப் போட்டு ஒட்டக் கூடாது என்று எழுதி வாங்காத குறை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கூரையில் ஏறி நின்று ஊரைப் பார்த்த நாளில், ஆட்டுக்காரியோடு பத்து நாள் பேச்சில்லை. அதே ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டபோது மருந்து கொடுத்தவரும் அவர்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கை இல்லாத ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் இதை ஆரம்பித்தேன்.

பெரியதெருவில் பால் சொசைட்டிக்கு எதிரே ஒரு வேப்பமரம் நிற்கிறது. மாடு பார்க்க வரும்போது மதிவதனி காரை அதன் நிழலில்தான் விடுவார். காருக்கு இரண்டு வயது ஆகிறது. இந்த இரண்டு வருடத்தில் அந்த நிழலில் நின்றபோது மட்டும் ஐந்து முறை கதவில் கோடு விழுந்திருக்கிறது. மற்ற ஆறு ஊர்களில், சந்தைத் திடலில், கோயில் வாசலில், மண்டி முன்னால் என்று எங்கெங்கோ நிற்கிற கார்தான் இது. அங்கே ஒரு கீறல் இல்லை. "ஆறு ஊருக்கு நான் டாக்டர் சார். இங்க மட்டும் எளையபெருமாள் மவ." இதைச் சொல்லும்போது அவர் டயருக்கு உள்பக்கம் சேறு சுரண்டிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோட்டைப் புண் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். விரல் நகத்தைக் குறுக்கே மெதுவாக இழுப்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால், "தோலோட போச்சு." தேய்த்து எடுத்துவிடலாம். நகம் மாட்டினால், "சதை." முதல் நான்கு கோட்டையும் தேய்த்தே எடுத்தார். காம்பவுண்டு என்கிற பசையைக் கோட்டின் மேல் வைத்து, சின்னச் சுழல் மிஷினால் தேய்த்து, துடைத்து, குனிந்து பார்த்து, மறுபடி தேய்த்து, கடைசியில் மெழுகு பூசி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். கீறுகிறவனுக்கு அரை நிமிட வேலை. எடுக்கிறவருக்கு வாரத்தின் ஒரே விடுமுறை போகிறது.

அதோடு விட்டதா? காம்பவுண்டு கோட்டை நிரப்புவதில்லை. கோட்டின் ஆழத்துக்குச் சுற்றிலும் இருக்கிற பூச்சைத் தேய்த்துக் குறைக்கிறது. தஞ்சாவூரில் கார் பாலீஷ் கடை வைத்திருக்கும் ஷஹ்பாஸ்தான் இதைச் சொன்னவர். நானும் மதிவதனியும் அறிமுகமானது அந்தக் கடையில்தான். பெயிண்டின் கனம் காட்டும் ஒரு மீட்டரை ஷஹ்பாஸ் கதவில் வைத்தார். வாங்கிய புதிதில் நூற்றுப் பன்னிரண்டு மைக்ரான் காட்டிய இடம், தொண்ணூற்று நான்கு காட்டியது. "அக்கா, மேல இருக்கற கிளியர் கோட்டு, அந்தக் கண்ணாடிப் பூச்சு, ரொம்ப மெல்லிசு. இன்னும் ஒரு தடவை தேய்க்கலாம். அதுக்கப்புறம் நீங்க கீறலைத் தேய்க்கல, காரைத் தேய்க்கறீங்க" என்றார். வேறு ஏதாவது பூச்சு போட்டால் கீறல் விழாதா என்று நான் கேட்டேன். "வெயிலுக்குத் தாங்கும், காக்கா எச்சத்துக்குத் தாங்கும். மனுசனுக்குத் தாங்காது சார்" என்று மீட்டரை உறையில் போட்டார்.

நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய புத்திசாலி போல அன்று அந்தக் கடையில் மதிவதனிக்கு ஒரு யோசனை சொன்னேன். காரை மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப் பக்கம் விட்டுவிட்டு, பெரியதெருவுக்கு நடந்து போனால் என்ன? இருநூறு அடிதானே. மதிவதனி சொன்னார்: "இதையேதான் பால் சொசைட்டிலயும் சொன்னாங்க சார். ரொம்ப அக்கறையா. எங்கப்பா சைக்கிள் வச்சிருந்தாரு. அந்தத் தெரு முனை வந்ததும் எறங்கி, உருட்டிக்கிட்டு நடந்துதான் போவணும். அப்ப வாயால சொன்னாங்க. இப்ப சட்டம் இருக்கு, சொல்ல முடியல. அதான் கதவுல எழுதுறாங்க. நீங்க அதைப் படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்றீங்க." அந்தத் தெருவில் எனக்குத் தூரத்து உறவு உண்டு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன். அவர்கள் நேராகச் சொல்ல முடியாத வார்த்தையை நான் இலவசமாகச் சுமந்து வந்து கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாவது கோடு வெள்ளிக்கிழமை விழுந்தது. விடிந்தும் விடியாமல் பெரியதெரு நடராசன் போன் செய்தார். மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது, கால் மட்டும் தெரிகிறது. மதிவதனி போனார். கன்றின் தலை பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. தோள் வரை கையை உள்ளே விட்டு, மாடு முக்கும்போதெல்லாம் கை நசுங்க, இரண்டு மணி நேரம். கன்றும் பிழைத்தது, தாயும் பிழைத்தது. கிடேரிக் கன்று. "நீ நல்லா இருக்கணும் டாக்டரம்மா" என்று நடராசன் கண் கலங்கினாராம். பொய்க் கண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். கையைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது, காரின் இடது பக்கத்தில் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரே கோடு. சாவியால் போட்டது.

நடராசன் வந்து பார்த்தார். மாட்டுக் கொம்பு உரசியிருக்கும் என்றார். சொல்வதற்கு ஆள் பார்த்துச் சொன்னார் பாருங்கள்! "இந்தத் தெருவுல கொம்பு இருக்கற மாடு மூணு சார். மூணுக்கும் நான்தான் வைத்தியம். மூணும் கட்டுத்தறியில நிக்குது, வேணா போய்ப் பாருங்க. எந்த மாடு சார் ஸ்கேல் வச்சு கோடு போடுது?" என்று மதிவதனி அவரிடமே கேட்டாராம். நடராசன் வீட்டு வாசலில் கேமரா ஒன்று இருக்கிறது. வேப்பமரத்தைப் பார்த்தபடிதான் மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, பொங்கலிலிருந்தே ரிப்பேர் என்றார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு வேளை பக்கத்து வீடாக இருக்கலாம், தம்பி மகனாக இருக்கலாம். விடியற்காலையில் வீட்டுக்குள் கூப்பிட்ட மனுஷிக்காக அந்த ஒரு பெயரைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கீறியவன்மேல் வந்த கோபத்தைவிட எனக்கு நடராசன்மேல் வந்த கோபம் பெரிது.

அந்த ஐந்தாவது கோட்டை எடுப்பதைப் பார்க்கத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். கழுவி, துடைத்து, இடது பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். நகத்தை இழுத்தார். வழுக்கியது. தோல்தான், ஷஹ்பாஸ் சொன்ன அந்த ஒரு தடவை மிச்சம் இருக்கிறது. மிஷினில் பசை வைத்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி, "எடுத்துரு பாப்பா. எடுத்துட்டு படுதா போட்டு மூடி வையி. கண்ணுல பட்டாத்தான வம்பு" என்றார்.

"கண்ணுல படத்தானப்பா வாங்குனது."

மிஷின் ஓடவில்லை. பட்டனில் விரல் இருந்தது, அவ்வளவுதான். பிறகு பசையைத் துணியால் வழித்தெடுத்துவிட்டு மெழுகு டப்பாவைத் திறந்தார். மற்ற கதவுகளுக்குப் பூசுவது போலவே, சின்னச் சின்ன வட்டமாக, கோட்டின் மேலேயே மெழுகு பூசினார். ஒரு இடம் விடாமல், முன்விளக்கு முதல் பின்விளக்கு வரை. காய்ந்ததும் துடைத்தார். கருநீலம் பளபளத்தது, அதில் வெள்ளைக் கோடும் பளிச்சென்று நின்றது. "இனிமே இதுல தண்ணி எறங்காது, அழுக்கு ஒட்டாது" என்றார். "நல்லா இருக்கும்." அப்பா வெற்றிலையை மடித்தார்.

எட்டு மணிக்கு நடராசன் போன் வந்தது. கன்று போட்ட மாடு விழுந்துவிட்டது, தலையைத் தூக்கவில்லை, காது ஜில்லென்று இருக்கிறது. பால் காய்ச்சல், உடனே கால்சியம் ஏற்றாவிட்டால் மத்தியானம் தாங்காது என்று மதிவதனி என்னிடம் சொல்லிக்கொண்டே பெட்டியை எடுத்தார். இளையபெருமாள் எழுந்து வந்தார். "பாப்பா, என் மொபெட்டை எடுத்துட்டுப் போயேன். சீக்கிரம் போயிடலாம்."

"கார் அதைவிட சீக்கிரம் போவும்பா."

நானும் ஏறிக்கொண்டேன். தெரு முனையில் வேகம் குறைக்கவில்லை. வேப்பமரத்தடியில் சொசைட்டிக்குப் பால் ஊற்ற வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மதிவதனி வழக்கமாக விடுவது போல விடவில்லை. காரைத் திருப்பி, ஒரு முறை முன்னால் எடுத்து, பின்னால் எடுத்து, இடது பக்கம் சொசைட்டியையும் நடராசன் வீட்டையும் பார்க்கும்படி நிறுத்தினார். பால் கேனை மூடுகிற சத்தம் கேட்டது.

நடராசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அந்த அவசரத்திலும் கோடு அவர் கண்ணில் பட்டுவிட்டது. "இதெல்லாம் தேய்ச்சா போயிடும்னாங்களே டாக்டரம்மா..."

"போகும் சார். தேய்க்கல." மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டார். காரைப் பூட்டினார். பிறகு நின்று, அத்தனை பேர் பார்க்க, கார் சாவியை நடராசன் கையில் வைத்தார். "இதைக் கொஞ்சம் வச்சிருங்க. உள்ள எனக்கு ரெண்டு கையும் வேணும். நீங்க இங்கயே காருகிட்ட நில்லுங்க, பாட்டில் பிடிக்க வீட்டுல வேற யாராச்சும் வரட்டும்." திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குள் போனார்.

மாடு எழுந்து நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. அது வரை நடராசன் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், சாவியை உள்ளங்கையில் வைத்தபடி, விரலை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.