பதினேழு நாட்கள் கிடந்த கேள்வி

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அப்போது நான் கொழும்பில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் வீடு. காலையில் ஒரு பஸ், பிறகு பத்து நிமிட நடை.

என்ன வேலை என்று யாராவது கேட்டால் விளங்கப்படுத்துவது கொஞ்சம் சிரமம். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவருடைய கோப்பு எங்களிடம் வரும். டொக்டர் எழுதியிருக்கும் ஒவ்வொரு வருத்தத்துக்கும், அதாவது நோய்க்கும், உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு குறியீடு உண்டு. ஓர் ஆங்கில எழுத்து, பின்னால் சில இலக்கங்கள். அதைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும். காப்புறுதிக் கம்பனிக்கும் சுகாதாரப் புள்ளிவிபரத்துக்கும் அதுதான் போகும். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை வாசிக்கிற ஆட்கள் அநேகமாக நாங்கள் மட்டும்தான்.

அன்று வந்த கோப்பு கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒருவருடையது. வயது அறுபத்தெட்டு. இடுப்பும் முதுகும் தாங்க முடியாமல் வலித்ததால் அனுமதிக்கப்பட்டு, இரண்டு நாளில் வீடு திரும்பியிருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது நோயை எழுதிக் கொடுக்கும் டயக்னோசிஸ் கார்ட்டில் 'சிறுநீரகக் கல்' என்று ஒரே வரி. ஸ்கேன் எடுத்த அன்று மாலை, முடிவைத் தொலைபேசியில் வார்ட்டுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கல் இருக்கிறது என்றதும் கார்ட்டை எழுதி, மருந்தும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தட்டச்சு செய்த முழு அறிக்கை மறுநாள் வந்து நேரே கோப்புக்குள் போய்விட்டது.

அந்த அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் மூன்று வரிகள் இருந்தன. வயிற்றுப் பகுதியில் பெருநாடி ஆறு சென்ரிமீற்றர் வரை வீங்கியிருக்கிறது என்று. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கீழே கொண்டுபோகும் பெரிய குழாய்தான் பெருநாடி. அதன் சுவர் ஓர் இடத்தில் தளர்ந்து பலூன் போலப் புடைத்தால் அதற்கு அனியூரிசம் என்று பெயர். இரண்டு சென்ரிமீற்றர் அளவில் இருக்க வேண்டியது ஆறாகிவிட்டால் எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. வெடித்தால் ஆஸ்பத்திரி வரை வந்து சேர்பவர்களே குறைவு. குறியீட்டுப் புத்தகத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரிகள். ஐ எழுபத்தொன்று புள்ளி மூன்று என்றால் வெடித்தது, புள்ளி நான்கு என்றால் வெடிக்காதது.

ஆனால் அந்த நான்கை நானாகப் போட முடியாது. ஸ்கேன் அறிக்கையை மட்டும் வைத்து நோய்க்குக் குறியீடு போடக்கூடாது, சிகிச்சை செய்த டொக்டர் அதை எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. எழுதவில்லை என்றால் ஒரு கேள்வித்தாள் அனுப்பலாம். அதற்கும் விதி இருக்கிறது. பதிலை நாமே டொக்டரின் வாயில் ஊட்டக்கூடாது. 'இவருக்கு அனியூரிசமா?' என்று கேட்டால் பிழை. நான் பயிற்சியில் இதில் அதிக புள்ளி எடுத்தவள். ஆகவே இப்படி எழுதினேன்: 'ஸ்கேன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் குறிப்பிடப்பட்டுள்ள மேலதிக அவதானிப்புகளின் மருத்துவ முக்கியத்துவத்தைத் தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.'

ஒரு சொல் குறையவில்லை, ஒரு சொல் கூடவில்லை. டொக்டர் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் மட்டும் வருபவர். அவருக்கு வரும் தாள்களுக்கான பெட்டியில் அதைப் போட்டுவிட்டு, என் குறிப்புக் கொப்பியில் அந்தக் கோப்பின் இலக்கத்துக்கு நேரே 'கேட்டாச்சு' என்று எழுதினேன்.

பிரிவுத் தலைவியிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நாங்கள் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசி, ஆனால் வாய் கொஞ்சம் கூர்மை.

"தங்கச்சி, ஒங்களுக்குக் கோட் போடத்தானே சம்பளம். வருத்தம் பாக்குற வேலையும் செய்யப் போறதெண்டா கழுத்துல ஸ்டெதஸ்கோப் ஒண்டையும் போட்டுட்டு வாங்களேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். எப்படியும் டொக்டருக்குத் தெரிந்திருக்கும், ஸ்கேன் எடுத்தவர்கள் சொல்லாமலா இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாளில் பதில் வராவிட்டால் கார்ட்டில் உள்ளதற்கு மட்டும் குறியீடு போட்டுக் கோப்பை மூடலாம் என்பது எங்கள் மருத்துவமனையின் நடைமுறை. பதினோராம் நாள் கல்லுக்குரிய குறியீட்டைப் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, கவுண்டரில் ஓர் அம்மா வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் ரசீதுகள். கணவருடைய டயக்னோசிஸ் கார்ட்டின் பிரதி ஒன்று வேண்டுமாம், வீட்டில் இருந்தது மழையில் நனைந்து எழுத்தெல்லாம் ஊறிவிட்டதாம். பெயரைக் கேட்டதும் எனக்கு அந்தக் கோப்பு நினைவுக்கு வந்தது.

"இப்ப எப்பிடி இருக்கிறார், அன்ரி?"

"எங்க, மகள்? வலி கொறையவே இல்ல. இப்ப வயித்துக்குள்ள என்னமோ துடிக்குது, கைய வச்சிப் பாருன்னு சொல்றாரு. வச்சிப் பாத்தேன், நெசமாவே துடிக்குது. வாயுவா இருக்கும்னு நெனச்சோம்." பிறகு அவரே தொடர்ந்தார். "கொலன்னாவைல ஒரு வெத மாத்தயா இருக்காரு. எண்ணெய் போட்டு முதுகையும் வயித்தையும் நல்லா அமத்தி உருவி விடுவாராம். ஆனா கார்ட்ட பாக்காம கைய வைக்க மாட்டேங்குறாரு. நாளைக்கிக் காலையில வரச் சொல்லியிருக்காரு."

வெத மாத்தயா என்றால் சிங்கள நாட்டுவைத்தியர். அவர் கார்ட்டைப் பார்க்காமல் தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கார்ட்டில் கல் என்று மட்டும்தான் இருக்கிறது. பிரதி எடுத்துக் கொடுத்தால் அதை நம்பி அவர் வயிற்றை அமுக்குவார். புத்தகத்தில் இருந்த அந்த இரண்டு வரிகள்தான் எனக்கு முன்னால் வந்தன. புள்ளி நான்கு புள்ளி மூன்றாக மாற, வயிற்றில் ஒரு கை அழுத்தினால் போதும்.

நோயாளிக்கோ வீட்டாருக்கோ நோயைப் பற்றி நாங்கள் சொல்லக்கூடாது. "ஒரு நிமிசம் இருங்கோ அன்ரி, போயிடாதேங்கோ" என்று கதிரையைக் காட்டிவிட்டு உள்ளே ஓடினேன். டொக்டரின் பெட்டியில் என் கேள்வித்தாள் இருந்தது. மேல் மூலையில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.

டொக்டரின் கைத்தொலைபேசிக்கு நாங்கள் எடுக்கும் வழக்கமே இல்லை. மிஸ்ஸிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, இலக்கத்தைத் தானே தேடி எடுத்துத் தந்தார். நான் அழைத்தேன்.

"ஆர் கதைக்கிறது? ரெக்கோர்ட் ரூமா? நான் கிளினிக்கில நிக்கிறன். பிறகு எடுங்கோ."

"சேர், ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் வாசிக்க வேணும். மூண்டு வரிதான்."

அவர் பதில் சொல்வதற்கு முன் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். ஆறு சென்ரிமீற்றர் என்றதும் அவர் குறுக்கிட்டார்.

"அந்த மனுசன் இப்ப எங்க?"

"வீட்டில, சேர். நாளைக்கு வயித்தை உருவி விடப் போகினமாம். அவற்ற மனிசி இங்க கவுண்டரில இருக்கிறா."

"அவவ விடாதேங்கோ. போனைக் குடுங்கோ."

அந்த அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி 'ஓம் டொக்டர், சரி டொக்டர்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பை அவருடைய மடியிலிருந்து வழுக்கி விழுந்து ரசீதுகள் தரையில் பரவின. நான் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் எழும்பிவிட்டார். அன்று மத்தியானமே அம்புலன்ஸ் போய் அவருடைய கணவரைக் கொண்டுவந்தது. இரத்தக் குழாய் சத்திரசிகிச்சை செய்யும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை நடந்தது. பிழைத்துக்கொண்டார்.

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை மாலை, டொக்டர் எங்கள் அறைக்கே வந்தார். என் கேள்வித்தாள் அவருடைய கையில் இருந்தது.

"இதை நான் பாத்தனான் பிள்ளை. இன்சூரன்ஸ்காரருக்கு ஏதோ எழுதக் கேக்கினம் எண்டு நினைச்சு வச்சிட்டன்" என்றார். பிறகு அதைத் திரும்ப வாசித்துவிட்டு, "இதுக்குள்ள என்ன இருக்கெண்டு வாசிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். தன் பிழையையும் அவர் மறைக்கவில்லை. எழுத்தில் வந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது தன் குற்றம் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

மருத்துவமனையில் என்னைப் பாராட்டினார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றிய பிள்ளை என்று வார்ட்டில் இருந்தவர்கள்கூட வந்து பார்த்தார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அந்த அம்மா வந்தார். அவர் மெலிந்திருந்தார், கணவர் தேறிவிட்டாராம். வீட்டில் செய்த கேக் துண்டுகளை எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். என் கையைப் பிடித்து நிறைய நேரம் கதைத்தார். பிறகு, வேறெதையோ கேட்பது போலக் கேட்டார்.

"மகள், அந்த ரிப்போர்ட்ட நீங்க எப்ப பாத்தீங்க? அன்னைக்கி நா வந்தப்பவா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை. மிஸ் கணினித் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

"இல்ல அன்ரி. அதுக்குப் பதினேழு நாளைக்கு முதலே பாத்தனான். டொக்டருக்கு ஒரு தாள் எழுதிப் போட்டனான். நான் போன் எடுத்துச் சொல்லேல்ல."

அவர் கையை விடவில்லை. மனதுக்குள் நாட்களைக் கணக்குப் பார்த்தார்.

"அப்ப எங்க பிளாட்ஸ்ல தண்ணி மோட்டர் ஒடஞ்சி கெடந்திச்சி" என்றார். "நாலாம் மாடி. அந்த நாளெல்லாம் அவருதான் கீழ எறங்கி வாளியில தண்ணி தூக்கிட்டு வந்தாரு. நா தூக்குறேன்னாலும் விடல."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கேக்கைச் சாப்பிடச் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

இப்போதும் இதே தொழில்தான். கேள்வித்தாளை இன்றும் விதிப்படியே எழுதுகிறேன், அந்த விதிக்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அறிக்கையில் பயப்பட வேண்டிய ஒரு வரி இருந்தால், தாளைப் பெட்டியில் போடுவதற்கு முன்பே தொலைபேசியை எடுத்து, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று வாசித்துவிடுகிறேன். இரண்டு தடவை வீணாகத் திட்டு வாங்கியும் இருக்கிறேன். நான் பிழையில்லாமல் எழுதிய ஒரு வசனம் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், வெடிக்கக்கூடிய ஒரு பெருநாடியோடு ஒருவர் நான்கு மாடிக்கும் தண்ணீர் சுமந்தார் என்பதை அறிந்த பிறகு, என் வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு முன்னைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுக்கிறது.