குன்னூருக்குக் கப்பல் வரவில்லை

நேற்று புயல் எச்சரிக்கை வந்ததும், பக்கத்து வீட்டு சாந்தி அக்கா தன் தகரக் கூரை மேல் மண் மூட்டை அடுக்க ஆரம்பித்தார்.

"ஏனுங்க அக்கா, குன்னூருக்குக் கப்பல் எப்போ வருதுங்க?" என்று கேட்டேன்.

"கடல் வராது கண்ணு, காத்து வரும். உங்கப்பா கால்ல கட்டோட படுத்திருக்காரு. வாயை மூடிட்டு மூட்டையத் தூக்கிக் குடு" என்றவர், எங்கள் கூரையிலும் ஏறிவிட்டார்.

இன்று காலை அடித்த காற்றில் எதிர்வீட்டு மாட்டுக் கொட்டகையின் தகரம் பறந்துபோய்த் தேயிலைத் தோட்டத்தில் விழுந்தது. எங்கள் கூரை தடதடத்தது, ஆனால் அசையவில்லை. அப்பா நனையாமல் தூங்கினார்.

நன்றி சொல்லப் போனேன்.

"அதை நீயே வெச்சுக்க. காத்து நின்னதும் ரெண்டு ஊட்டு மூட்டையும் நீதான் எறக்கோணும்."

கை கொடுக்க யார் வருகிறீர்கள்? கப்பலில் வந்தாலும் சரி.