கூட ஒரு டாக்டர் இருக்க வேண்டும்

ஆம்பூரில் நான் வைத்தியம் பார்க்கத் தொடங்கிய புதிதில், என்னோடு வேலூரில் எல்.எம்.பி. டாக்டர் படிப்புப் படித்த சிநேகிதி மீது வழக்குப் போட்டார்கள். அவள் அரக்கோணத்தில் இருந்தாள். ரயில்வேக்காரர் ஒருவரின் மனைவி பிரசவம் ஆன பிறகு ஜன்னி கண்டு இறந்துபோக, டாக்டரம்மாவின் கவனக்குறைவுதான் காரணம் என்று புருஷன் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு தள்ளுபடியாயிற்று. ஆனால் அதற்குள் அவளைத் தேடி யாரும் வருவது நின்றுபோயிருந்தது. போர்டைக் கழற்றிவிட்டு, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்தப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் அண்ணனுக்குத் தூக்கமில்லை. அவர் ஆம்பூர் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். நானும் அவர் வீட்டில்தான் இருந்தேன். நோயாளி வழக்குப் போட்டால் வக்கீல் செலவையும் நஷ்டஈட்டையும் பார்த்துக்கொள்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனி மதராஸில் இருக்கிறது என்று விசாரித்து, அதன் ஏஜெண்டை ரயிலேற்றி வரவழைத்துவிட்டார்.

ஏஜெண்ட் நல்ல மனிதர். என் டிஸ்பென்சரி பெஞ்சில் கோட்டோடு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் தோல் பதனிடும் டேனரிகளின் நாற்றம் அவருக்குப் பழக்கமில்லை; கைக்குட்டையை மூக்கருகில் கொண்டுபோவார், மரியாதைக்காக இறக்கிவிடுவார். சென்னை ராஜதானியில் பதிவு செய்த டாக்டர் யாராக இருந்தாலும் கம்பெனி ஏற்கும், பெண் என்பதால் தடையில்லை என்றார். பிறகு, பிரசவம் பார்ப்பதுண்டா என்று கேட்டார்.

என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் திரைக்குப் பின்னால் இருக்கும் கோஷாப் பெண்கள். ஆண் டாக்டர் நாடி பிடிக்கவும் கூடாது என்கிற வீடுகள். பிரசவத்துக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள், அதுவும் மருத்துவச்சி கைவிட்ட பிறகு. இதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடினார்.

சாதாரணப் பிரசவத்துக்குத் தொந்தரவில்லையாம். ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தாலோ, மயக்கத்துக்குக் குளோரோபாரம் கொடுத்தாலோ, இன்னொரு பதிவு பெற்ற டாக்டர் கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. ஊரில் என்னைத் தவிர இருப்பவர் சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர்தான், அவர் ஆண், அவரை அந்த வீடுகளுக்குள் விடமாட்டார்கள் என்றேன்.

“உங்க கஷ்டம் புரியுதுங்கம்மா. கம்பெனிக்கு அதெல்லாம் எழுதினா புரியாது” என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தேவையான இடத்தில் உதவாது என்று தெரிந்தேதான் போட்டேன். அவராவது தூங்கட்டும்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம், டேனரியில் தோல்களைத் தரம் பிரிக்கிற ஒருவர் ஜட்கா வண்டியோடு வந்து நின்றார். மனைவிக்கு முதல் நாளிலிருந்து வலி. டிஸ்பென்சரி நர்ஸையும் அழைத்துக்கொண்டு போனேன். குழந்தை குறுக்கே கிடந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து நீலம் பாரித்திருந்தது. மழையில் பாலாறு கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வரை அவள் தாங்கமாட்டாள். குளோரோபாரம் கொடுத்து, என் கையை உள்ளே விட்டு, குழந்தையைத் திருப்பித்தான் எடுக்க வேண்டும்.

சர்க்கார் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். இன்ஷூரன்ஸ் நினைவு வந்தது உண்மை. ஆனால் அது இல்லாவிட்டாலும் கூப்பிட்டிருப்பேன். அவர் என்னைவிட அனுபவசாலி. புருஷன் உடனே ஓடினார். மாமியார் தடுக்கவில்லை. தடுத்தது படுத்திருந்தவள்தான். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேத்து ஆம்பள உள்ள வரக்கூடாது டாக்டரம்மா. வந்தா நான் எந்திரிச்சு போய்டுவேன்.”

எழுந்திருக்க அவளால் முடியாது. ஆனாலும் அதைச் சொன்ன விதத்தில், அவளை மீறி எதுவும் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அறை வாசலில் ஒரு போர்வையைக் கட்டினோம். டாக்டர் நனைந்தபடி வந்து, போர்வைக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். நர்ஸ் அவள் முகத்தில் வைத்த முகமூடியில் குளோரோபாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மாமியார் விளக்கைப் பிடித்தாள். டாக்டர் வெளியிலிருந்து, “நாடி எப்படி இருக்கு? மூச்சு?” என்று கேட்பார், நான் சொல்வேன். “அவசரப்படாதீங்க, வலி விட்டதும் திருப்புங்க” என்பார். அந்தக் குரல் பெரிய துணையாக இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது இன்னும் இரண்டு கைகள். அவர் கைகள் போர்வைக்கு அப்பால் சும்மா இருந்தன.

குழந்தையை எடுத்துவிட்டேன். அதற்கு உயிரில்லை. தாய் கண் திறந்தாள், பேசவும் செய்தாள். பிறகு ரத்தம் போக ஆரம்பித்தது. நான் அடிவயிற்றை முஷ்டியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கர்ப்பப்பை கிழிந்திருக்க வேண்டும் என்று டாக்டர் வெளியிலிருந்து தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கும் அது தெரிந்திருந்தது. அந்த வீட்டில், அந்தப் பாயில், அதற்குச் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அழுத்திக்கொண்டே இருந்தேன். நர்ஸ் என் தோளைத் தொட்ட பிறகுதான் கையை எடுத்தேன்.

நடந்ததைக் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தோம். ஏஜெண்டே நேரில் வந்தார். போர்வைக்கு வெளியே இருந்தவரைக் கூட இருந்தவர் என்று கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. அந்த வீட்டாரிடம் மட்டும் எதுவும் பேசிவிடாதீர்கள், வருத்தம் தெரிவித்தால்கூட அது தப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பும் ஏற்கமாட்டார்கள், பேசவும் விடமாட்டார்கள். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து டியூட்டிக்குப் போனார்.

அடுத்த வாரம் அவள் புருஷன் டிஸ்பென்சரிக்கு வந்தார். வக்கீல் நோட்டீஸ் கொண்டுவருகிறார் என்றே நினைத்தேன். எல்லோரும் போகிற வரை ஓரமாக நின்றிருந்து, அப்புறம் கேட்டார்:

“நான் வெளியவே நின்னுட்டேன். கடைசியா அவ இன்னா சொன்னா? அம்மாவக் கேட்டா அழுவுது, சொல்ல மாட்டேங்குது.”

எதுவும் பேசாதீர்கள் என்று ஏஜெண்ட் சொன்னது நினைவு வந்தது.

“குழந்தை ஏன் அழலைன்னு கேட்டாங்க. இதோ அழும்னு சொன்னேன். அப்புறம் நீங்க சாப்ட்டீங்களான்னு கேட்டாங்க” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “காலைலேர்ந்து சாப்டல நான்” என்றார், யாரோ இப்போதுதான் கேட்டதுபோல. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன். வருத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

வழக்கு எதுவும் வரவில்லை. வருஷம் முடிந்ததும் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க நான் ஒப்பவில்லை, அண்ணனும் வற்புறுத்தவில்லை. கோஷா வீடுகளிலிருந்து ஜட்கா வந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் சர்க்கார் டாக்டரை உள்ளே விடுவீர்களா என்று கேட்பேன். மாட்டோம் என்பார்கள். கை கழுவிக்கொண்டு உள்ளே போவேன்.