பிஸ்கட் டின்னுக்குள் இருந்த யாரோ ஒருத்தி

நான்கு வருடங்களுக்கு முன், பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. சிரம்பானில் இருக்கும் எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர், லிங்கி பக்கம் உள்ள ஒரு தோட்டத்துக்கு ஊழியத்துக்காகப் போயிருந்தோம். வீடு வீடாகப் போய் நலம் விசாரிப்பது, அரிசியும் மைலோவும் சார்டினும் போட்ட பையைக் கொடுப்பது, வீட்டார் சம்மதித்தால் ஜெபம் செய்வது. ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். நேரம் பார்த்துக் கிளப்பும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். தமிழ்ப்பள்ளியில் மலாய்ப் பாடம் நடத்துகிறவள் நான். ஆட்களை விரட்டுவது எனக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயமல்ல.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் நாற்பதை நெருங்கும் ஒரு பெண் இருந்தார். பையை வாங்கி ஓரமாக வைத்தார். ஜெபம் செய்யலாமா என்று கேட்டேன்.

"பண்ணுங்க டீச்சர், வேணாங்கல. அதுக்கு முன்ன இந்த சூராட்டுங்கள கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன். ஐசி இல்லாம நான் படுற பாடு போதும்லா."

சூராட் என்று அவர் சொன்னது பழைய பத்திரங்களை. இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவருக்கு ஐசி என்கிற அடையாள அட்டை கிடையாது. செண்டாயான் தொழிற்சாலை பஸ் தினமும் தோட்டத்து வாசலில் நின்று அக்கம்பக்கத்துப் பெண்களை ஏற்றிப் போகும். இவர் மட்டும் தினக்கூலிக்குப் புல் வெட்டப் போவார். பதினைந்து வருடமாகச் சேர்ந்து வாழும் கணவரோடு கல்யாணத்தைப் பதியக்கூட வழியில்லை. எங்கே போனாலும் பிறப்புப் பத்திரம் கொண்டு வா என்ற ஒரே பதில்தான்.

செத்துப்போன அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து என் முன்னால் கவிழ்த்தார். அம்மாவின் இறப்புப் பத்திரம், ஊசி போட்ட அட்டைகள், நான்காய் மடித்த ஒரு பிறப்புப் பத்திரம். ஆசையாய்ப் பிரித்துப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளில் 'பெர்வகலா' என்று இருந்தது. இவர் பெயருக்கும் அதற்கும் ஒரு எழுத்துகூட ஒட்டவில்லை. அப்பா பெயரும் அம்மா பெயரும் ஒத்துப்போயின. ஆனால் அந்தப் பெயர்களில் அந்த லயத்திலேயே மூன்று ஜோடி இருந்தார்களாம்.

"அது யாரோ ஒருத்தியோடது டீச்சர். முன்னயே ஒருத்தரு படிச்சுட்டு, மலாய்க்காரப் பேரு மாரி இருக்குன்னு சொல்லிட்டாரு. அம்மா ஏன் வச்சிருந்துச்சோ தெரில."

நானும் தலையாட்டினேன். மலாய் டீச்சரே சொல்லிவிட்ட பிறகு மறுபேச்சு ஏது? மணியைப் பார்த்தேன், பதினைந்து நிமிடம் தாண்டிவிட்டது. பத்திரத்தை மடிக்கப் போனேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து, சமாதானம் சொல்வதாக நினைத்து, அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி உரக்கப் படித்துக் காட்டினேன். "பே... ர்... வ... க... ல. பாருங்கம்மா, இது உங்க பேரா?"

பின்கட்டில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த அவர் கணவர் சத்தம் போட்டார். "என்னா, பேர் வக்கலயா? யாருக்கு?"

அந்தப் பெயரை மறுபடி ஒரு தடவை படித்தேன்.

பேர் வக்கல! நம் வீடுகளில் முப்பதாம் நாள்தானே குழந்தைக்குப் பெயர் வைப்பார்கள்? அதற்கு முன்பே பதிவுக்குப் போன அப்பாவிடம், தமிழ் தெரியாத யாரோ ஒரு ஆபீஸ் கிராணி "நாமா?" என்று மலாயில் பெயரைக் கேட்டிருக்கிறார். அவரும் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அது அப்படியே பெயராகிவிட்டது! மலாயாகவே படித்துக்கொண்டிருந்த என் புத்திக்கு எட்டாதது, சோப்புக் கையோடு நின்ற மனிதரின் காதில் விழுந்துவிட்டது. இருபது வருடமாக ஆசிரியை என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

சும்மா ஊகம் போதாதே. பத்திரத்தில் தாயின் ஐசி எண் இருந்தது. அம்மாவின் இறப்புப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். கடைசி எண்வரை பொருந்தியது. அந்த அம்மாவுக்கு இவர் ஒரே பிள்ளை. "நீங்கதாம்மா இது!" என்று கத்தினேன். அவர் அழுதார், நானும் அழுதேன். அடுத்த வீட்டில் இருந்த பாஸ்டர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். மீதி வீடுகளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் மதியம்வரை அந்த வீட்டை விட்டு நகரவில்லை.

அதன்பின் ஒன்றரை வருடம் பதிவு இலாகாவுக்கு அலைந்தோம். எத்தனையோ படிவங்கள், சாட்சிகள், நேர்காணல். ஒவ்வொரு தடவையும் பள்ளியில் லீவு போட்டுவிட்டு நானும் கூடவே போனேன். கடைசி நாள் கவுண்டரில் "பெர்வகலா" என்று கூப்பிட்டபோது, அவரை முழங்கையால் இடித்து எழுப்பப் பார்த்தேன். அதற்குள் அவர் எழுந்து, ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி "சாயா!" என்று குரல் கொடுத்தார். மலாயில் 'நான்தான்' என்று அர்த்தம். நீல நிற அடையாள அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார்.

இப்போது தொழிற்சாலைச் சட்டையில் அந்தப் பெயரைத்தான் குத்திக்கொண்டு போகிறார், கல்யாணத்தையும் பதிந்துவிட்டார். மனுப் போட்டுப் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று நான் நச்சரித்தேன். அவர் கேட்டால்தானே!

"வேணாம் டீச்சர். பேரு வைக்காட்டியும் எங்கப்பா போய்ப் பதிஞ்சிருக்காருல்ல? நான் பொறந்தேன்னு அவரு சொன்ன வார்த்த அது."

அன்று எத்தனை வீடுகளில் ஜெபித்தோம் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பத்திரத்தை மடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேனே என்று இன்றும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன், உடனே அந்த ஹாலை நிறைத்த அவருடைய "சாயா!" காதில் விழுந்து, என்னையே பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன்.