வழுக்கும் கற்கள்

கத்தி முனை கல்லில் வெள்ளைக் கோடு கிழித்தது. அவள் கல்லைத் தூக்கி ஆற்றில் வீசினாள்.

"இதுவும் இல்லையா?" கரையில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டான். ஜல்லி லாரி ஓட்டுகிறவன்.

"இல்ல. கோடு விழுது, மெதுக்கல்லு."

"நனைஞ்சா எல்லாக் கல்லும் கறுப்புதான். காயவிட்டுப் பாரு."

"அது காயறதுக்குள்ள என் வேலை போயிடும்ண்ணா."

மசாஜ் நிலையத்தில் வாடிக்கையாளர்களின் முதுகில் வைக்கும் சூட்டுக்கற்களை, நேற்று அவசரத்தில் சூட்டோடு ஐஸ் தண்ணீரில் போட்டுவிட்டாள். எல்லாம் விரிசல் விட்டன. நாளைக் காலைக்குள் அதே மாதிரிக் கல் வரவேண்டும், இல்லையென்றால் மாடி அறையைக் காலி செய்துவிட்டுப் போ என்றுவிட்டாள் முதலாளியம்மா. இவளும் மகளும் இருப்பது அந்த அறையில்தான்.

அண்ணன் ஒரு கல்லை நீட்டினான். "இந்தா, உன் எரிமலைக் கல்லு. பசால்ட்."

மேலே துரு நிறம். உடைந்த ஓரத்தில் அடர் கறுப்பு. அளவுக்கு மீறிய கனம். கத்தியால் கீறினாள், கோடு விழவில்லை. அண்ணன் நூலில் கட்டித் தொங்கவிட்ட காந்தம் மெல்ல அதன் பக்கம் சாய்ந்தது, உள்ளே இரும்பு உண்டு. ஆனால் மேலெல்லாம் ஊசி குத்தினாற்போல் துளைகள்.

"என்னண்ணா, சொறி பிடிச்ச மாதிரி இருக்கு."

"எரிமலைக் குழம்பு சட்டுன்னு ஆறி இறுகிப்போச்சு. உள்ள இருந்த காத்துக் குமிழிதான் அந்த ஓட்டை. அதே அவசரத்துலதான் உள்ள படிக மணியும் பெருசா வளரல, கண்ணுக்கே தெரியாது."

"எங்கிட்ட மசாஜுக்கு வர்றவங்க கல்லோட ஜாதகமா கேக்கறாங்க? வழுக்கணும்."

"வழுக்கறது வேற, சூடு தாங்கறது வேற."

அவளுடைய உள்ளங்கை பிறர் முதுகைத் தடவிப் பழகியது. அது வேண்டாம் என்றதை அவளால் எடுக்க முடியவில்லை. கல்லைக் கீழே வைத்தாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. ஆற்றின் வளைவில் தட்டையாக, கறுப்பாக, கன்னம்போல் வழவழவென்று கற்கள் கிடந்தன. பையை நிரப்பினாள்.

"கத்தி வச்சுப் பாத்தியா?"

"பாத்தேன்."

பார்க்கவில்லை. கோடு விழுந்துவிட்டால் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை கற்களைத் தொட்டி நீரில் போட்டுச் சூடேற்றினாள். முதலாளியம்மா பக்கத்தில் நின்றாள். தண்ணீர் கொதிக்கும் முன்பே இரண்டு கற்கள் ஏடு ஏடாகப் பிரிந்தன. இன்னொன்றை எடுத்து முதலாளியம்மா நகத்தால் சுரண்டினாள். நகத்தில் பொடி ஒட்டியது. அறைச் சாவியைக் கேட்டாள்.

மதியம் அண்ணன் லாரி கொண்டுவந்தான். கட்டில், பாத்திரங்கள், மகளின் பள்ளிப்பை. ஏற்றி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மகள் முன்னால், அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.