நன்றியுரையில் ஒரு மாட்டுத் தரகர்

தொண்ணூறுகளில் நான் எழுதிய முதல் நாவலில் கதையைவிட நன்றியுரை நன்றாக இருந்தது. எந்தத் தகவலை யார், எந்த டீக்கடையில் சொன்னார் என்று கிழமை உட்பட அச்சிட்டிருந்தேன். சந்தை அத்தியாயத்துக்கு உதவியவர் பொள்ளாச்சி மாட்டுத் தரகர் ஒருவர். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எந்த விரலுக்கு என்ன விலை என்று அவர் சொல்லித்தந்ததை அவர் பெயரோடு போட்டேன்.

புத்தகம் வந்த அடுத்த வாரமே, கோவையில் இருந்த என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணுனேன்? ஒருத்தனும் என்ற துண்டுக்குள்ள கை உட மாட்டேங்கறான். 'நீ புஸ்தகத்துல சொல்லிப்போடுவே'ங்கறானுங்க!"

"யார் சொன்னதுன்னு போடறதுதானுங்களே மொற?"

"அப்ப இன்னொரு தரகன் பேரப் போட்டிருக்கலாமல்லங்க?"

விற்காத பிரதிகள், அதாவது ஏறக்குறைய எல்லாப் பிரதிகளும், என் வீட்டில்தான் இருந்தன. இருவரும் உட்கார்ந்து மைதாப் பசையால் அவர் பெயர்மேல் காகிதம் ஒட்டினோம். பாதியில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"சந்தையில யாருமே புஸ்தகத்த வாங்கலீங்களே, அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் பசைக் கிண்ணத்தைப் பார்த்தார். "நீங்க எனக்குக் குடுத்த புஸ்தகத்த நான்தானுங்க அவங்களுக்குப் படிச்சுக் காட்டுனேன். அச்சுல பேரு வந்திருக்குதல்லங்க!"

கிளம்பும்போது காகிதம் ஒட்டாத பிரதி ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டார்.

"சம்பந்தி ஊட்டுல காட்டோணுமுங்க."