தூக்காத பாய்

விடியும் முன்பே வந்துவிட்டார்கள். சினிவாவின் வீட்டு வாசலில், அவள் மகன் செமோவைப் புதைத்த மண் இன்னும் காயாத இடத்துக்குப் பக்கத்தில், ஒரு குடும்பமே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. முன்னால் அவர்கள் தலைவர் துவாலா. அவர் தலைமேல் மூடியிருந்த, சடங்குக்கென்றே நெய்த சீர்ப்பாய்க்குள் அவருடைய தங்கை மகன் இயேலுவும் ஒடுங்கியிருந்தான். குடித்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தில் சண்டை போட்டு, செமோவின் மண்டையைக் கல்லால் பிளந்தவன் அவன்தான். மீசை கூட முளைக்காத பயல்.

செத்தவன் வீட்டார் அந்தப் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. அதற்கப்புறம் பழி பேசக் கூடாது. எங்கள் சவாயி தீவில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சினிவாவுக்கும் தெரியும், அதனால்தான் தூக்கவில்லை. கிழங்கு வேகவைத்துத் தின்றாள். தலைக்குக் குளித்து, அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்து முடி உலர்த்தினாள்.

அவளுடைய அண்ணன் பொறுக்க மாட்டாமல் வந்தார். "சினிவா, வெயில் உச்சிக்கு வந்துடுச்சு. பெரியவர் மயங்கி விழுந்தா ஊரே நம்ம மூஞ்சில காறித் துப்பும்."

"துப்பட்டும்ணே. என் பிள்ளை வெயில்ல ரத்தம் கக்கிக் கிடந்தானே, எவன் குடை பிடிச்சான்?"

கடைசியில் இறங்கி வந்தாள். பாய்க்கு அடியில் கையை விட்டு இயேலுவின் காதைப் பிடித்து வெளியே இழுத்தாள். "பாயை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு இது போதும்."

நீதிபதி அவனைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தார். "சிறையில சும்மா சோறு போடுவீங்க ஐயா. தண்டனைக் காலம் முழுக்க என்கிட்ட விடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தாள். பெருந்தன்மை என்று ஊர் மெச்சியது. பெருந்தன்மையாவது மண்ணாங்கட்டியாவது! கண்ணெதிரே வைத்து அணு அணுவாக வதைக்கத்தான் வாங்கினாள்.

செமோவின் தட்டில் சாப்பிட வைத்தாள், அவன் படுத்த இடத்தில் படுக்க வைத்தாள். காலையில் எழுந்ததும் சமாதியைப் பெருக்க வேண்டும்.

"யாரு இது?"

"செமோ."

"யாரு கொன்னது?"

"நான்."

அதற்கப்புறம்தான் கஞ்சி. ஒருநாள் அவன் வாய்தவறி அம்மா என்று கூப்பிட்டான். "இன்னொரு தரம் அப்படிக் கூப்பிட்டே, பல்லைத் தட்டிடுவேன்" என்றாள்.

அவன் திருந்தியதைப் பார்த்து மற்ற தாய்மார்களும் தங்கள் பையன்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். திருடினவன், கஞ்சா குடித்தவன், அப்பனை அடித்தவன். அந்த ராட்சசியிடம் விட்டால் வழிக்கு வருவான் என்று பேச்சு. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லை எடுக்கிற கையெல்லாம் தன் கண்பார்வையில் இருக்கட்டும் என்ற வெறி. குடித்துவிட்டுப் பிள்ளையை அடித்த தகப்பன்களையும் விடவில்லை. துவாலா உட்கார்ந்த அதே வெயிலில் உட்கார வைப்பாள். பிள்ளை தானாக வந்து தண்ணீர் கொடுக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. பொழுது சாயும்வரை உட்கார்ந்து அழுத தகப்பன்களை நாங்களே பார்த்திருக்கிறோம்.

வீடு பெருகியது. ஆக்லாந்திலிருந்து தேவாலயச் சபைக்காரர்கள் தகரமும் மரமும் அனுப்பினார்கள், கூடவே 'அன்பு இல்லம்' என்று ஒரு பலகை. அதைப் பன்றிக் கொட்டிலில் மாட்டினாள். பையன்கள் எல்லாரும் அவளை அம்மா என்றார்கள். இயேலு மட்டும் 'நீங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டான். தண்டனைக் காலம் முடிந்தும் அவன் போகவில்லை. தாடி நரைக்கத் தொடங்கியபோது வீட்டை நடத்துகிறவனே அவன்தான்.

துவாலா இறந்தார். தலைவர் பட்டம் இயேலுவுக்கு என்றது குடும்பம். ஆனால் பாய் தூக்கப்படாதவன் தலையில் பட்டம் எப்படி ஏறும்? ஒரு விடியலில் அவன் அதே பாயைப் போர்த்திக்கொண்டு, அதே இடத்தில், தனியாக உட்கார்ந்தான்.

சினிவா உள்ளேயிருந்து பார்த்தாள். தூக்கினால் கணக்குத் தீர்ந்தது, எழுந்து தன் ஊரைப் பார்க்கப் போய்விடுவான். செமோவையும் கொன்றுவிட்டு இவனும் போவானா? உச்சி வெயில்வரை காக்க வைத்தாள். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றாள்.

"தூக்க மாட்டேன்டா."

பாய்க்குள் அவன் தலை இன்னும் தாழ்ந்தது.

"பட்டம் வேற எவனுக்காவது போகட்டும். அந்தப் பாயைப் பத்திரமா மடிச்சு வை. நான் செத்த அன்னைக்கு அதைத்தான் என்மேல போத்தணும். அது மகன் செய்யற வேலை. அவனைத்தான் கொன்னுட்டியே, அப்ப நீதான் செய்யணும். அன்னைக்கு அம்மான்னு கூப்பிட்டுக்க. அதுக்கு முன்னாடி கூப்பிட்டே, பல்லைத் தட்டிடுவேன்."

இயேலு எழுந்தான். பாயை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சமாதியைப் பெருக்கப் போனான்.